வீட்டிலிருந்த 2 இலட்சத்து 35 ஆயிரம் பேர்



2024ம் ஆண்டு நவம்பர் 14ந் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஜெயித்தது யார்?

தேசிய மக்கள் சக்தி என்று ஒருவர் சொல்வார். 6 ஸ்தானங்களில் 3 அதற்குக் கிடைத்தது, பொய்யில்லை. தமிழ்க் கட்சிகளின் வோட்டைக் கூட்டிப் பார், அதுதானே அதிகம் என்று இன்னொருவர் வாதாடுவார். அதுவும் பொய்யில்லை. இந்த வாதம் தேநீர்க் கடைகளில் நடந்து நடந்து ஓய்ந்துவிட்டது. ஆனால் இரண்டு பேரும் ஒரு தொகையைப் பேசாமல் தாண்டிப் போகிறார்கள். அந்தத் தொகையைப் பற்றித்தான் நாம் இங்கே பேசப் போகிறோம்.

யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்த அந்த மாவட்டத்தில் இடாப்பில் பெயருள்ளவர்கள் 593,187 பேர். சாவடிக்கு வந்தவர்கள் 358,079 பேர். வராதவர்கள் 2 இலட்சத்து 35 ஆயிரம் பேர்! முதலாவதாக வந்த பட்டியல் பெற்றது 80,830 வோட்டு. அதாவது, வீட்டிலிருந்தவர்களின் தொகை ஜெயித்தவர்களின் தொகையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

நாடு முழுவதும் அன்று நூற்றுக்கு 69 பேர் வோட்டுப் போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு 60. அதே மாவட்டத்தில் இரண்டு மாதத்துக்கு முன், செப்டம்பர் 21ந் திகதி ஜனாதிபதித் தேர்தலில், நூற்றுக்கு 67 பேர் வந்திருந்தார்கள். செப்டம்பரில் வந்து நவம்பரில் வராதவர்கள் மட்டும் 39 ஆயிரம் பேர் வரை இருக்கும்.

“ஜனங்களுக்குப் பொறுப்பில்லை” என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகிற பெரிய மனிதர்களை நாம் அறிவோம். தோற்றவர் சொன்னாலாவது மனவருத்தம் என்று விட்டுவிடலாம். ஜெயித்தவரும் சொல்கிறார்! நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். வராதவர்கள் யார், ஏன் வரவில்லை என்று கேட்பதுதான் முறை.

யார் இவர்கள்?

முதலில் ஒரு கழிவு போட்டுக்கொள்வோம். இடாப்பில் உள்ள பெயரெல்லாம் ஊரில் உள்ள ஆள் அல்ல. ஒருவர் கனடாவில் இருப்பார், ஒருவர் பிரான்சில் இருப்பார். பெயர் மட்டும் தகப்பன் வீட்டு விலாசத்தில் இருக்கும். கடல் கடந்தவருக்கு அங்கிருந்தபடி வோட்டுப் போட வழியில்லை. 2010ல் இந்த மாவட்டத்துக்கு 9 ஸ்தானம் இருந்தது, 2015ல் 7 ஆயிற்று, 2024ல் 6. ஆள் போகப் போக ஆசனமும் போகிறது. ஆனபடியால் 2 இலட்சத்து 35 ஆயிரத்தில் ஒரு பகுதியை இந்தக் கணக்கில் கழித்துவிடுங்கள். தாராளமாகவே கழியுங்கள். மீதி?

மீதிப் பேர் நம்மவர்கள், தோழர்களே. நவம்பர் 14 ஒரு வியாழக்கிழமை. காலை 7 மணிக்குச் சாவடி திறந்து மாலை 4 மணிக்கு மூடினார்கள். வன்னியில் காலபோக நெல் வயலில் நிற்கிற காலம். வடகீழ் மழையில் ஒரு நாள் வேலை கிடைத்தால் மறுநாள் கிடைக்குமோ தெரியாத காலம். தோட்டத்தில் புல்லுப் பிடுங்கப் போகிற பெண் காலை 6 மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டால் சாவடி திறக்குமுன் வரம்பில் நிற்பாள். அவள் திரும்பி வந்து, குளித்து, அடையாள அட்டையைத் தேடி எடுக்கும்போது பெட்டிக்கு முத்திரை வைத்திருப்பார்கள். அவளுக்கு வோட்டின் விலை ஒரு நாள் கூலி. மாதச் சம்பளக்காரருக்கு அந்த விலை கிடையாது.

கொழும்பிலும் கட்டுநாயக்காவிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் நிற்கிற பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சிக்கு இரவு பஸ் ஏறி வந்து, வோட்டுப் போட்டு, இரவு பஸ்ஸில் திரும்பினால் இரண்டு நாள் போகும். சட்டத்தில் இதற்கு இடமுண்டு. தொழிலாளி எழுத்தில் கேட்டால் வோட்டுப் போடுவதற்காக 4 மணி நேரத்துக்குக் குறையாத லீவை, சம்பளம் வெட்டாமல், முதலாளி கொடுத்தாக வேண்டும் என்று பாராளுமன்றத் தேர்தல் சட்டம் சொல்கிறது. தூரத்தில் ஊர் உள்ளவர்களுக்கு இன்னும் கூடிய லீவு கொடுக்க வேண்டும் என்று தேர்தல் ஆணைக்குழு அறிவிப்பது வழக்கம். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் இதை எந்த அபேட்சகராவது ஆலை வாசலில் நின்று வாய் திறந்து சொல்லக் கேட்டதுண்டா? நாள் கூலிக்கோ அந்தச் சட்டமும் எட்டாது. அவனுக்கு முதலாளி யார்? இன்று ஒருவர், நாளை ஒருவர்.

கூலி போகும் என்று தெரிந்தும் ஒரு காலத்தில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். 2013 செப்டம்பர் 21ல் வடமாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தபோது வயசாளிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்போது கூலி இல்லையா? பசி இல்லையா? இருந்தது. ஆனால் போடுகிற வோட்டால் ஏதோ ஒன்று நடக்கும் என்ற எண்ணமும் இருந்தது. அந்த எண்ணம் எங்கே போயிற்று?

396 பேர், 6 நாற்காலி

2024 நவம்பரில் இந்த 6 ஸ்தானங்களுக்கு நின்றவர்கள் 396 பேர். 23 கட்சிகள், 21 சுயேச்சைக் குழுக்கள். ஆக 44 பட்டியல்கள். வோட்டுச் சீட்டை விரித்தால் மேசையை மூடியது. வீடு ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், சங்கு ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம், திசைகாட்டி ஒரு பக்கம். சந்தையில் கூட இத்தனை சாமான் ஒரே நேரத்தில் விரிப்பதில்லை.

இவற்றில் பல நேற்று வரை ஒரே கூரையின் கீழ் இருந்தவை. 2001ல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பிறந்தது. 2004ல் 22 ஸ்தானம் பெற்றது. 2010ல் 14. 2015ல் 16. 2020ல் 10. முதலில் காங்கிரசுக்காரர் போனார்கள். பிறகு முதலமைச்சராக இருந்த திரு. விக்னேஸ்வரன் 2018ல் தனிக் கடை போட்டார். 2023 தொடக்கத்தில் தமிழரசுக் கட்சி ஒரு பக்கமும், கூட இருந்த இயக்கக் கட்சிகள் மறு பக்கமுமாகக் கூட்டமைப்பே கலைந்தது. மிஞ்சிய தமிழரசுக் கட்சிக்குள்ளாவது அமைதி உண்டா? 2024 ஜனவரி 21ல் தலைவர் பதவிக்கு உள்ளேயே தேர்தல். திரு. சிறீதரனுக்கு 184, திரு. சுமந்திரனுக்கு 137. தேர்தல் முடிந்தது, விஷயம் முடியவில்லை, கோர்ட்டுக்குப் போயிற்று!

அவ்வாண்டு செப்டம்பரில் தமிழருக்கு ஒரு பொது அபேட்சகர் என்று திரு. அரியநேத்திரனைச் சங்குச் சின்னத்தில் நிறுத்தினார்கள். தமிழரசுக் கட்சியின் தீர்மானமோ திரு. சஜித் பிரேமதாசாவுக்கு ஆதரவு. பொது அபேட்சகரை ஆதரித்ததில் அதே கட்சியின் பெரிய ஆட்களும் இருந்தார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித்துக்கு 121,177, அரியநேத்திரனுக்கு 116,688. இரண்டு பேருமே ஜனாதிபதி ஆகவில்லை. பிறகு நவம்பரில் அந்தச் சங்கு யாருக்குச் சொந்தம் என்று ஒரு சண்டை! சங்கு ஊதுகிறவன் யார் என்று அடிபட்டவர்கள், ஊதினால் கேட்க ஆள் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தப் பிளவு கட்சிக்கும் கட்சிக்கும் இடையில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். விகிதாசாரத் தேர்தல் முறையில் 1989 முதல் விருப்பு வோட்டு என்று ஒன்று இருக்கிறது. முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி. பிறகு அந்தக் கட்சியின் பட்டியலில் விரும்பிய மூவரின் இலக்கத்துக்குப் புள்ளடி. கட்சிக்கு எத்தனை ஸ்தானம் என்பது முதற் புள்ளடியில் தீரும். அதில் உட்காருவது யார் என்பது விருப்பு வோட்டில் தீரும். விளைவு என்ன? ஒரே பட்டியலில் நிற்கிற 9 பேரும் ஒருவருக்கொருவர் எதிரி. பகலில் ஒரே மேடை. இரவில் தன் இலக்கத்தை மட்டும் சொல்லி வீடு வீடாக நடை. காசுள்ளவன் தன் இலக்கத்தைச் சுவரெல்லாம் ஒட்டுவான். காசில்லாதவன், அதாவது ஒரு தொழிலாளி தப்பித்தவறிப் பட்டியலில் இடம் பெற்றாலும், அவன் இலக்கம் அவன் ஒழுங்கைக்கு வெளியே தெரியாது.

சீட்டுப் போட்டவர்களுக்கும் இதில் தொல்லை. கட்சிக்குப் புள்ளடி போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் சீட்டுக் கழிக்கப்படும். இரண்டு கட்சிக்குப் போட்டாலும் கழிக்கப்படும். யாழ்ப்பாணத்தில் அன்று கழிக்கப்பட்டவை 32,767! சாவடிக்கு வந்த 11 பேரில் ஒருவரின் வோட்டுக் குப்பைக்குப் போயிற்று. இதில் கோபத்தில் கிறுக்கிவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர், தெரியாமல் பிழை விட்டவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் சைக்கிளுக்கோ ஊசிக்கோ கிடைத்த வோட்டைவிட இது அதிகம்.

இன்னும் ஒரு கணக்கு. ஸ்தானம் பெற்றவை நான்கு பட்டியல்கள். அவை நான்கும் சேர்ந்து வாங்கியது ஏறத்தாழ 2 இலட்சம் வோட்டு. மற்ற 40 பட்டியல்களுக்கும் போன வோட்டு 1 இலட்சத்து 25 ஆயிரம். அது யாரையும் எங்கும் அனுப்பவில்லை. ஆக இடாப்பில் உள்ள மூன்று பேரில் ஒருவருக்குத்தான் பாராளுமன்றத்தில் தான் அனுப்பிய ஆள் என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். மற்ற இருவரில் ஒருவர் வீட்டில் இருந்தார் அல்லது ஊரிலேயே இல்லை. மற்றவரின் சீட்டு ஒன்றில் கழிக்கப்பட்டது, இல்லையேல் காற்றில் போயிற்று.

ஆலை வந்தது, வோட்டுப் போனது

பிரிவது எல்லாம் பிழையா? அப்படியும் நாம் சொல்ல மாட்டோம். எதற்காகப் பிரிகிறார்கள் என்பதுதான் கேள்வி.

வடக்கின் அரசியலில் முதற் பெரும் பிளவு ஒரு தொழிலாளியின் வோட்டை வைத்துத்தான் வந்தது. இளைஞர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். 1947 தேர்தலில் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் இலங்கை இந்தியன் காங்கிரசு 7 ஸ்தானங்களில் வென்றது. தொழிலாளி சங்கமாகச் சேர்ந்து வோட்டுப் போட்டால் என்ன நடக்கும் என்று அன்று முதலாளிமார் கண்டுகொண்டார்கள். அடுத்த ஆண்டே, 1948ல், பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. 1949ல் தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள். நாட்டின் ஏற்றுமதியைத் தோளில் சுமந்த இலட்சக் கணக்கான ஜனங்கள் நாடற்றவர் ஆனார்கள், வோட்டற்றவர் ஆனார்கள். 1952 தேர்தலில் அவர்கள் சார்பில் ஒரு அங்கத்தவர் கூடப் பாராளுமன்றம் போகவில்லை.

அந்த நேரத்தில் வடக்கின் தலைவர் திரு. ஜி. ஜி. பொன்னம்பலம் என்ன செய்தார்? 1948ல் திரு. டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரிசபையில் கைத்தொழில் மந்திரியாகச் சேர்ந்தார். அவர் மந்திரியாக இருந்த காலத்தில்தான் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும், பரந்தன் இரசாயன ஆலையும், வாழைச்சேனைக் காகித ஆலையும் உருவாயின. ஆயிரக் கணக்கான குடும்பங்கள் அவற்றால் சோறு தின்றன என்பதை மறைக்க நாம் தயாரில்லை. ஆனால் ஒரு கையால் வடக்குக்கும் கிழக்குக்கும் ஆலை வந்தபோது, மறு கையால் மலையகத்துக்கு வோட்டுப் போனது. இதைச் சகிக்க முடியாது என்று திரு. செல்வநாயகமும் திரு. வன்னியசிங்கமும் பிரிந்து வந்து 1949 டிசம்பர் 18ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். 1952ல் திரு. செல்வநாயகம் தன் சொந்தத் தொகுதியான காங்கேசன்துறையிலேயே தோற்றார். தோற்றாலும் அந்தப் பிளவுக்கு ஒரு நியாயம் இருந்தது. தெருவில் போகிற ஒருவனை நிறுத்தி “ஏன் பிரிந்தார்கள்?” என்று கேட்டால் ஒரே வசனத்தில் பதில் சொல்வான்.

இன்றைய 44 பட்டியல்களுக்கும் அப்படி ஒரு வசனம் உண்டா? வீட்டுக்கும் சங்குக்கும் கொள்கையில் என்ன பேதம்? சங்குக்கும் சைக்கிளுக்கும்? ஒருவர் சமஷ்டி என்பார். மற்றவரும் சமஷ்டி என்பார். மூன்றாமவர் தன் சமஷ்டிதான் அசல் என்பார். கூலி பற்றி இவர்களுக்குள் சண்டை வந்ததுண்டா? நுண்கடன் கம்பனிக்காரன் வாசலில் வந்து நின்றபோது யார் முன்னுக்கு வருவது என்று அடிபட்டார்களா? காங்கேசன்துறை ஆலை 1990ல் போரோடு நின்றது. அதை மீண்டும் ஓட வைப்பது எப்படி என்று இரண்டு கோஷ்டியாகப் பிரிந்தார்கள் என்றால், தோழர்களே, நாம் அந்தப் பிளவை வரவேற்றிருப்போம்!

கிளிநொச்சிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். 1958ம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகும் 1977ம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகும் மலைநாட்டிலிருந்து ஓடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வயற்கூலிகளாக இருக்கிறார்கள். 1948ல் வோட்டுப் பறிபோனவர்களின் வம்சம். 2003ம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பிரஜா உரிமை இல்லாமல் எஞ்சியிருந்தவர்களின் கணக்குத் தீர்ந்தது. பாட்டன் இழந்த வோட்டு பேரன் கைக்கு வந்துவிட்டது. பாட்டனுக்கு இல்லாத காணி பேரனுக்கும் இல்லை. இரணைமடுத் தண்ணீர் யாருடைய வயலுக்கோ பாய்கிறது. அவன் அந்த வயலில் கூலி. அவன் வோட்டுப் போடப் போகவில்லை என்றால் அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவா நமக்கு மனம் வரும்?

வீட்டிலிருந்தால் யாருக்கு லாபம்?

ஆனாலும் அவன் வீட்டிலிருந்தது சரி என்றும் நாம் சொல்லத் தயாரில்லை. இது கசப்பான பேச்சு. பேசியே ஆக வேண்டும்.

வடக்கில் வோட்டுப் போடாமல் இருப்பது புதிதல்ல. 1931ல் இந்த நாட்டுக்குச் சர்வஜன வாக்குரிமை வந்தது. அதுவரை நூற்றுக்கு 4 பேருக்குத்தான் வோட்டு. உழைப்பவனுக்கும் பெண்ணுக்கும் அது எட்டியதே பெரும் சண்டைக்குப் பிறகு, சேர். பொன். இராமநாதன் போன்ற பெரியவர்கள் அதை எதிர்த்து நின்றார்கள். அந்த முதல் தேர்தலையே யாழ்ப்பாண வாலிப காங்கிரசு பகிஷ்கரித்தது. பூரண சுயராச்சியம் இல்லாத அரசியலமைப்பு வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. அவர்கள் உத்தமர்கள், சாதிக் கொடுமையை எதிர்த்தவர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளும் 1934 வரை அரசாங்க சபையில் காலியாகக் கிடந்தன. வரலாற்றில் முதன்முதலாகக் கையில் வோட்டு வந்த சீவல் தொழிலாளி, அதை முதன்முதலாகப் போட முடியாமல் மூன்று ஆண்டு காத்திருந்தான். அவனிடம் கேட்டா பகிஷ்கரித்தார்கள்?

2005 நவம்பரில் நடந்தது நம்மில் பலர் கண்ணால் கண்டது. ஜனாதிபதித் தேர்தலில் யாரும் வோட்டுப் போடக் கூடாது என்பது அன்று துப்பாக்கி பிடித்தவர்களின் விருப்பம். யாழ்ப்பாண மாவட்டத்தில் 7 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களில் வோட்டுப் போட்டவர்கள் 8,524 பேர். நூறு பேரில் ஒருவர்! தென்னிலங்கையில் திரு. மகிந்த ராஜபக்ச ஜெயித்தது 1 இலட்சத்து 80 ஆயிரம் வோட்டு வித்தியாசத்தில். அடுத்த நான்கு ஆண்டுகளில் வன்னி என்ன ஆயிற்று என்று நாம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. முடிவெடுத்தவர்கள் சிலர். விலை கொடுத்தவர்கள் யார்? வீட்டிலிருந்தவர்கள்.

அவை இரண்டும் கட்டளையால் நடந்தவை. 2024ல் யாரும் கட்டளை போடவில்லை. தலைவரில்லாத, கூட்டமில்லாத, துண்டுப் பிரசுரமில்லாத பகிஷ்கரிப்பு இது. “எவன் வந்தாலும் எங்களுக்கு மண்வெட்டிதான்” என்று ஒவ்வொருவனும் தனித் தனியே தனக்குள் சொல்லிக்கொண்டு திண்ணையில் இருந்தது. தனித் தனியே இருப்பதால்தான் அதற்குப் பலமில்லை. வேலைநிறுத்தம் என்றால் ஆலை முதலாளிக்குத் தெரியும். கோரிக்கைத் தாள் அவன் மேசைக்குப் போகும். ஒரு தொழிலாளி சலித்துப்போய் வேலைக்கு வராமல் நின்றால் அவன் பெயரை வெட்டிவிட்டு வாசலில் நிற்கிற அடுத்தவனை எடுப்பான். வோட்டுப் போடாத 2 இலட்சத்து 35 ஆயிரம் பேருக்காக எந்த ஸ்தானமும் காலியாக விடப்படவில்லை. ஆறும் நிரம்பின. வந்தவர்களைக் கொண்டு நிரப்பிக்கொண்டார்கள்.

கோபப்பட்டவர்களில் இன்னொரு வகையினர் சாவடிக்குப் போனார்கள். செப்டம்பரில் இந்த மாவட்டத்தில் திரு. அனுரகுமார திசாநாயக்காவுக்கு 27,086 வோட்டு. நவம்பரில் அவர் கட்சிக்கு 80,830. வடக்கையும் கிழக்கையும் பிரிக்கக் கோரிக் கோர்ட்டுக்குப் போய் 2006ல் ஜெயித்த ஜே. வி. பி. அதில் முதற் கட்சி என்பது இந்த 80 ஆயிரம் பேரில் பலருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் போட்டார்கள். வீட்டுக்காரர் மேல் வந்த வெறுப்பு அந்த அளவுக்கு முற்றியிருந்தது என்பதுதான் இதன் அர்த்தம். இது கொள்கை மாற்றம் என்று அந்தக் கட்சிக்காரர் நெஞ்சை நிமிர்த்த வேண்டியதில்லை. 2025 மே 6ல் உள்ளூராட்சித் தேர்தல் வந்தபோது தமிழரசுக் கட்சி மீண்டும் தலையெடுத்தது. கடன் கொடுத்தவன் திருப்பிக் கேட்பான்.

ஒற்றுமை என்ற மருந்து

இதற்குப் பெரிய மனிதர்கள் சொல்கிற மருந்து ஒன்றுதான்: தமிழ்க் கட்சிகள் எல்லாம் ஒன்றுபட வேண்டும். கேட்க இனிமையாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். வீடு 63,327, சைக்கிள் 27,986, சங்கு 22,513. மூன்றும் கூடினால் 1 இலட்சத்து 13 ஆயிரத்துக்கு மேல். முதலாவதாக வருகிற பட்டியலுக்குப் போகிற போனஸ் ஸ்தானம் இவர்கள் பக்கம் வந்திருக்கும். திசைகாட்டிக்கு 3 என்பது 2 ஆகி, இவர்களுக்கு 2 என்பது 3 ஆகியிருக்கும். அவ்வளவுதான்! தலைவர்கள் அத்தனை பேரும் கட்டித் தழுவினாலும் கிடைப்பது ஒரு நாற்காலி. திண்ணையில் இருக்கிற 2 இலட்சத்து 35 ஆயிரம் பேர் அப்போதும் திண்ணையில்தான் இருப்பார்கள்.

ஒற்றுமையாக இருந்த காலத்தையும் பார்த்தவர்கள்தானே நாம்? 2013ல் வடமாகாண சபையின் 38 ஸ்தானங்களில் 30 கூட்டமைப்புக்குக் கிடைத்தது. அதைவிட ஒற்றுமை வேறெங்கே கிடைக்கும்? அந்தச் சபைக்கு அதிகாரம் குறைவு என்பது மெய். ஆளுநர் தலைக்கு மேல் இருந்தார் என்பதும் மெய். ஆனால் 2017 ஜூனில் சொந்த முதலமைச்சருக்கு எதிராகச் சொந்த அங்கத்தவர்களே நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்ததற்கு ஆளுநரா காரணம்? மந்திரிமார் மேல் ஊழல் விசாரணை, அதன் மேல் சண்டை, சண்டையின் மேல் ஊர்வலம். 2018 அக்டோபரில் சபையின் ஆயுள் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. 2017ல் தேர்தல் முறையை மாற்றினார்கள். எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018ல் தோற்கடித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்று ஆக்கி, ஆண்டுக் கணக்கில் ஆளுநரைக் கொண்டே ஒன்பது மாகாணங்களையும் ஆண்டார்கள். வோட்டுப் போட வரவில்லை என்று ஜனங்களைத் திட்டுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும். போடத் தயாராக இருந்தவனுக்கும் பெட்டி வைக்கவில்லையே!

ஒன்றுபட்டால் பலன் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. எதற்காக ஒன்றுபடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2025 மார்ச் 28ல் வடக்கில் ஏறத்தாழ 6,000 ஏக்கர் காணிக்கு உரிமைகோரச் சொல்லி அரசாங்கம் ஒரு வர்த்தமானி போட்டது. மூன்று மாதத்துக்குள் உரிமையை நிலைநாட்டாவிட்டால் காணி அரசுக்கு என்றது. இடம்பெயர்ந்து உறுதியைத் தொலைத்தவன் என்ன செய்வான்? கடல் கடந்தவன் என்ன செய்வான்? வீடும் சைக்கிளும் சங்கும் அன்று ஒரே குரலில் பேசின. கோர்ட்டுக்கும் போனார்கள். வர்த்தமானியை அரசாங்கம் திரும்பப் பெற்றது. காணிச் சொந்தக்காரனுக்கு ஆபத்து என்றதும் மூன்று மாதத்தில் முடிந்த காரியம் இது. காணியே இல்லாத கூலிக்காரனுக்காக இப்படி ஒரு குரல் எழும்பிய நாள் எது என்று அந்தக் கட்சிக்காரர்களிடம் நாம் கேட்கிறோம். பதில் வந்தால் இந்தப் பத்திரிகையிலேயே போடுவோம்.

ஆலைத் தோழர்களுக்கும் வயல் தோழர்களுக்கும் சில வார்த்தை. இடாப்புத் திருத்தம் ஆண்டுதோறும் நடக்கிறது. கிராம சேவையாளரிடம் போய் உங்கள் பெயரும், பதினெட்டு வயதான பிள்ளையின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். கொழும்பில் வேலை செய்கிற பிள்ளையின் பெயர் எந்த விலாசத்தில் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த தேர்தலுக்கு நாள் குறித்ததும், சங்கம் உள்ள ஆலையில் சங்கத்தின் மூலமும், இல்லாத ஆலையில் பத்துப் பேர் சேர்ந்தும், லீவுக் கடிதத்தை எழுத்தில் கொடுங்கள். பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாள் கூலிக்குப் போகிறவர்கள் முதல் நாளே கமக்காரரிடம் சொல்லி, பாதிப் பேர் காலையிலும் பாதிப் பேர் மதியத்திலும் போய் வர ஒழுங்கு பண்ணுங்கள். ஒருவன் தனியாகக் கேட்டால் மறுப்பார், வரம்பில் நிற்கிற இருபது பேரும் கேட்டால் யோசிப்பார்.

அபேட்சகர் ஒழுங்கைக்குள் வருவார். வரட்டும். கதிரை போட்டு உட்கார வையுங்கள். தமிழன் மானம் பற்றி அவர் பேசட்டும். அதுவும் நமக்கு வேண்டியதே. பேசி முடித்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: கிளிநொச்சியில் காணியில்லாத குடும்பங்களுக்குக் காணி பற்றி உங்கள் பட்டியல் என்ன சொல்கிறது? பெண் கூலிக்கும் ஆண் கூலிக்கும் உள்ள வித்தியாசம் பற்றி என்ன சொல்கிறது? உங்கள் பட்டியலில் உங்களைத் தவிர மற்ற எட்டுப் பேரும் இதே பதிலைத்தான் சொல்வார்களா? பதிலை ஒரு கொப்பியில் எழுதி, திகதி போட்டு, அவரையே கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். பேனாவை எடுக்கிறாரா, மணிக்கூட்டைப் பார்க்கிறாரா என்று ஒழுங்கைச் சனம் முழுவதும் நின்று பார்க்கட்டும்.